புளியங்கொட்டை பிடித்த பிழை

எங்கள் பாடசாலைக் கணினி அறையில் 11 பெட்டிகள் இருந்தன. ஆளியைப் போட்டதும் ஒழுங்காக எழும்பியவை 4. மற்றவற்றில் சில விசிறியை மட்டும் சுற்றிக் காட்டின, சில பீப் பீப் என்று முறையிட்டன. ஒன்று எந்த அசைவுமில்லாமல் கிடந்தது. திறந்து பார்த்தால் உள்ளே பல்லி முட்டை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு கலவன் பாடசாலை இது. நான் அங்கே உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். கணினி என்னுடைய பாடமே இல்லை. திருப்புளியோடு அந்த அறைக்குள் என்னைப் போக வைத்தது ஒரு கிடைக்கோடு.

ஒவ்வொரு வருடமும் சமநிலை அலகு வரும்போது கரும்பலகையில் அதே வரைபைக் கீறுவேன். கிடை அச்சில் நேரம், நிலைக்குத்து அச்சில் செறிவு. தாக்கியின் கோடு இறங்கி வரும், விளைவின் கோடு ஏறிப் போகும், கொஞ்சத்தில் இரண்டும் கிடையாகிவிடும். "கோடு நேரான பிறகு உள்ளுக்க என்ன நடக்குது?" என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து பாடும்: "முன்முகத் தாக்க வீதமும் பின்முகத் தாக்க வீதமும் சமன், சேர்." சரி, அப்படியென்றால் தாக்கம் நடக்கிறதா, நின்றுவிட்டதா என்று அடுத்த கேள்வியைப் போட்டால் பாதிப்பேர் தயங்காமல் சொல்வார்கள்: "நிண்டிட்டுது சேர்." முதல் பதிலுக்கு முழுப் புள்ளி. இரண்டாவது பதில் அந்த முழுப் புள்ளி பொய் என்று காட்டிவிடும்.

பரிசோதனை இதற்கு உதவுமா என்றால், பாதி உதவும். நைதரசனீரொட்சைட்டு அடைத்த குழாயைப் பனிக்கட்டிக்குள் வைத்தால் கபிலம் வெளிறும், சுடுதண்ணீரில் வைத்தால் கடுக்கும். பெரிக்கயனும் தயோசயனேற்றயனும் சேர்ந்த கரைசலின் சிவப்பும் அப்படித்தான், எதைக் கூட்டுகிறோமோ அதற்கேற்ப மாறும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஆனால் நிறம் மாறாமல் நிற்கும் வேளையில் உள்ளே ஓட்டம் நிற்கவில்லை என்பதை எந்தக் குழாயும் கண்ணுக்குக் காட்டாது. அது போக, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இரசாயனப் பொருட்களின் விலையைக் கேட்டாலே கை நடுங்குகிறது. மெதையில் செம்மஞ்சளைத் துளித் துளியாகக் கணக்குப் பார்த்து விடுகிறோம்.

(நான் உயர்தரம் படித்தது தொண்ணூறுகளின் முதற்பாதியில், யுத்த காலத்தில். மின்சாரம் இல்லை, பற்றரி தடை. ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு, சைக்கிள் டைனமோவில் ரேடியோ. நியமிப்பை, அதாவது துளித் துளியாக விட்டுச் செறிவு காணும் செய்முறையை, அளவியைப் பார்க்காமலே கரும்பலகையில் செய்து பாஸானவர்கள் நாங்கள். ஆகவே இல்லாமையைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குப் பெரிதாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சொன்னால் கொட்டாவி விடுவார்கள்.)

சிமுலேஷன் என்ற எண்ணம் எனக்குப் புதிதில்லை. ஃபெட் என்ற தொகுப்பை முன்பே பாவித்திருக்கிறேன். இயற்பியலுக்கு 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அதற்கடுத்த வருடம் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது அது. இலவசம். இப்போது உலாவிக்கென்று எழுதியவற்றில் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு ஃபைலாக இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். இன்டர்நெட் வேண்டாம், உலாவி ஒன்று போதும். எங்கள் பாடசாலைக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

அதில் அமில மூலக் கரைசல்களுக்கான ஒன்று அருமையானது. மென்னமிலம் (கொஞ்சமாகவே அயன்களாகப் பிரியும் அமிலம்) என்றால் ஐதான அமிலம் என்று நினைக்கும் வியாதி எல்லா ஊரிலும் உண்டு. இந்தச் சிமுலேஷனில் செறிவுக்கு ஒரு தள்ளி, வலிமைக்கு வேறொரு தள்ளி. செறிவைத் தொடாமல் வலிமையை மட்டும் நகர்த்தினால் பிஎச் மாறும், மின்குமிழின் வெளிச்சம் மாறும். ஒரு பெடியன் அதைப் பார்த்துவிட்டு, "அப்ப வினாகிரியைக் கட்டியா எடுத்தாலும் அது மென்னமிலம் தானோ சேர்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை நான் கேட்டு அவன் விடை சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு சந்தோசம் வந்திராது. வினாகிரியில் உள்ள அசற்றிக்கமிலத்தின் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵. 0.01 மூல் செறிவுக் கரைசலில் 100 மூலக்கூறில் 4 தான் பிரிந்திருக்கும், பிஎச் 3.4 அளவில் வரும். அதே செறிவில் ஐதரோகுளோரிக்கமிலத்துக்கு 2. பலகையில் இதைக் கணக்காகச் செய்தபோது இந்தமுறை யாரும் முழிக்கவில்லை.

ஒரு குறையும் சொல்லவேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் அமிலத் துணிக்கைகள் மட்டும் மிதக்கின்றன, நீர் மூலக்கூறுகளைக் காட்டச் சொன்னால்தான் காட்டும். சொல்லாமல் விட்டால் அயன்கள் வெற்றிடத்தில் திரிவதாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். 0.01 மூல் கரைசலில் ஒரு அமில மூலக்கூறுக்கு ஏறத்தாழ 5,500 நீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. அதை உண்மையான விகிதத்தில் கீறினால் திரையில் அமிலத்தைத் தேடத்தான் வேண்டும். எதைக் காட்டவேண்டுமோ அதற்காக மற்றதை மறைப்பது படம் கீறுகிறவனின் உரிமை. எதை மறைத்தான் என்று சொல்வது ரீச்சரின் வேலை.

சமநிலைக்கு வந்தபோதுதான் இடித்தது. மீளும் தாக்கத்துக்கான ஃபெட் சிமுலேஷன் பழைய ஜாவாவில் எழுதியது. எங்கள் பெட்டிகளில் ஜாவா ஏற்றி அதை ஓடவைக்க இரண்டு பின்னேரம் செலவழித்தேன். ஒரு பெட்டியில் திறந்தது, மூன்றில் திறக்கவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் பழைய மாணவன் ஒருவனுக்கு வட்ஸ்அப்பில் புலம்பினேன். கணினி வேலை செய்கிறவன். "சேர், புதுசா ரெண்டு லப்டொப் அனுப்பிவிடட்டோ?" என்றான். ஏற்கனவே ஒரு ஸ்மார்ட் போர்ட் துணி போர்த்தபடி மூலையில் நிற்கிறது, எனக்குப் பொருள் வேண்டாம் வழி சொல்லு என்றேன். "அப்ப நீங்களே எழுதுங்கோ. பகடை உருட்டத் தெரிஞ்சாக் காணும்."

முதலில் பெட்டிகள்.

சனிக்கிழமைகளில் ஐசிரி (தகவல் தொழினுட்ப) ரீச்சரும் நானும் மூன்று பெடியன்களும் உட்கார்ந்தோம். எல்லாம் பழைய கோர் டூ டுவோ, 2 ஜிபி ராம். பீப் அடித்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து சிம்பிளானது: ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பல்லை அழிறப்பரால் தேய்த்து, தூசியைத் துடைத்துத் திரும்பச் சொருகினோம். இரண்டு எழும்பின. இன்னொன்று ஒவ்வொருமுறை திறக்கும்போதும் 2009ஆம் ஆண்டுக்குப் போய்விடும். மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான பற்றரி, சீஆர் 2032, செத்துப்போயிருந்தது. திகதி பிழைத்தால் பாதுகாப்பான இணையப் பக்கங்களையும் உலாவி சந்தேகப்பட்டு மறிக்கும். அதை அறியாமல் ஒரு வருடமாக "இன்டர்நெட் வேலை செய்யேல்லை" என்று அந்தப் பெட்டியை ஒதுக்கி வைத்திருந்தோம். கஸ்தூரியார் வீதியில் பற்றரி வாங்கிப் போட்டதும் ஐயா நிகழ்காலத்துக்கு வந்துவிட்டார். ஒன்றுக்கு பவர் சப்ளை மாற்றினோம். மதர்போர்டில் கப்பாசிற்றர்களின் தலை ஊதிக் கிடந்த மூன்றை விட்டுவிட்டோம், அவற்றின் உறுப்புகள் மற்றவற்றுக்கு உதவின. பல்லி முட்டைப் பெட்டியும் அந்த மூன்றில் ஒன்று. ஆக மொத்தம் 8. எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்ற் என்ற இலவச இயங்குதளம் போட்டோம், பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஈ வகை. வகுப்பில் 24 பேர், பெட்டிக்கு 3 பேர்.

இந்த வேலை ஓடிக்கொண்டிருந்த கிழமைகளில் அலகைத் தள்ளிப்போட முடியாததால் புளியங்கொட்டையோடு தொடங்கினேன். குழுவுக்கு 48 கொட்டை. மேசையின் இடப்பக்கம் தாக்கி, வலப்பக்கம் விளைவு. எல்லாம் முதலில் இடப்பக்கம். ஒவ்வொரு சுற்றிலும் இடப்பக்கம் உள்ளதில் பாதியை வலப்பக்கம் தள்ளவேண்டும், வலப்பக்கம் உள்ளதில் காலை இடப்பக்கம் தள்ளவேண்டும், பின்னம் வந்தால் விட்டுவிடலாம். ஒரு பிள்ளை இடக்கை, ஒரு பிள்ளை வலக்கை, மூன்றாவது பிள்ளை கணக்கு எழுதும். "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்றதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் தள்ளவேண்டும் என்பது விதி.

48, 0. பிறகு 24, 24. பிறகு 18, 30. பிறகு 16, 32. அதற்குப் பிறகு 8 போகும், 8 வரும், 16ம் 32ம் அப்படியே நிற்கும். "சேர், இனிச் செய்து என்ன, மாறாது தானே?" என்று கையை எடுத்த குழுவிடம் "கையை எடுத்தால் அது சமநிலை இல்லை, வேலைநிறுத்தம்" என்றேன். எட்டு எட்டாக மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஐந்து நிமிடம் மாற்ற வைத்தேன். இயக்கச் சமநிலையில் "இயக்கம்" என்ற சொல் கை உளைந்தபோதுதான் பலருக்கு ஏறியது.

ஆனால் கொட்டைகளுக்குத் தற்செயல் தெரியாது. பாதி என்றால் சரியாகப் பாதி. மூலக்கூறுகள் அப்படிக் கணக்குப் பார்த்துக் கைகோர்த்துப் போவதில்லை. அதற்குத்தான் கணினி.

இரவில் எழுதினேன். ஜாவாஸ்கிரிப்டில், ஒரே ஃபைலில், இருநூறு வரிக்குள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 100 வட்டங்கள். சிவப்பு என்றால் தாக்கி, நீலம் என்றால் விளைவு. ஒவ்வொரு அடியிலும் ஒவ்வொரு சிவப்பும் ஒரு பகடை உருட்டும், விழுந்தால் நீலமாகும். ஒவ்வொரு நீலமும் வேறொரு பகடை உருட்டும், விழுந்தால் சிவப்பாகும். கீழே வரைபு ஓடும். சொற்கள் எல்லாம் பாடநூலில் உள்ளபடி: தாக்கி, விளைவு, ஊக்கி (தாக்கத்தைக் கெதியாக்கும் பொருள்). யூடியூபில் தமிழ்நாட்டு வகுப்புகளைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு வினைவேக மாற்றி என்ற சொல்லும் தெரியும். பரீட்சைத் தாளில் வருவது ஊக்கி. அதையே போட்டேன்.

முதல் புதன்கிழமை எட்டுப் பெட்டியிலும் ஏற்றி ஓடவிட்டோம். முன்வரிசையில் 20 செக்கனில் கோடு கிடையாகியது. மூலையில் உள்ள பெட்டியில் ஒரு நிமிடம் எடுத்தது. "சேர், எங்கட தாக்கம் சரியான ஸ்லோ." "உங்கட வெப்பநிலை குறைவாக்கும்" என்று யாரோ பகிடி விட்டார்கள். பகிடியல்ல, பிழை என்னுடையது. திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது ஒரு அடி என்று எழுதியிருந்தேன். நல்ல பெட்டியின் திரை செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கிறது, நொந்த பெட்டி 20 தடவைதான். தாக்கவீதம் தீர்மானிக்கப்பட்டது கணினியின் வயதால். அன்றிரவே கீறுவதையும் கணிப்பதையும் பிரித்தேன். எந்தப் பெட்டியானாலும் செக்கனுக்கு 10 அடி, முடிந்த வேகத்தில் கீறிக்கொள்ளட்டும். சிவப்பு நீலமாக 0.02 வாய்ப்பு, நீலம் சிவப்பாக 0.01.

(இன்னொரு சில்லறை: பிள்ளைகள் வேறு ராப்புக்குப் போய்விட்டுத் திரும்பினால் ஓட்டம் சுணங்கியிருக்கும். பின்னணியில் கிடக்கும் பக்கத்தின் கடிகாரத்தை உலாவியே மெதுவாக்கிவிடும். அதற்கு நிரல் எழுதவில்லை. "வேறை ராப் திறந்தால் அடுத்த பாடவேளை வெளியில" என்று பலகையில் எழுதினேன். வேலை செய்தது.)

இரண்டாவது புதன்கிழமை நான் எதிர்பார்த்த காட்சி வந்தது. 1:2 விகிதம், ஆகவே நூறில் 67 நீலம். கோடு ஏறி 67க்கு அருகே வந்து, பிறகு 61, 70, 66, 72 என்று துள்ளிக்கொண்டிருந்தது. பின்வாங்கில் இருக்கும், வகுப்பில் அதிகம் கதைக்காத பிள்ளை ஒன்று கையை உயர்த்தியது.

"சேர், சமநிலை வந்திட்டுது எண்டு சொன்னீங்கள். இது இன்னும் ஆடுது."

"புத்தகத்தில ஆடேல்லையோ?"

"புத்தகத்தில நேர்க்கோடு."

"எது பிழை?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டும் சரியா இருக்கேலாது தானே" என்றாள்.

இரண்டும் சரி. 100 துணிக்கை இருந்தால் இந்தச் சராசரியைச் சுற்றி வழமையான ஆட்டம் 5 அளவு. எண்ணிக்கையை 10,000 ஆக்கினால் ஆட்டம் நூறு மடங்கு கூடாது, பத்து மடங்குதான் கூடும், ஏனெனில் அது வர்க்கமூலத்தோடு போகிறது. அதாவது 6,667 ஐச் சுற்றி 47 அளவு. நீலத்தின் எண்ணிக்கை பெரும்பாலும் 6,570க்கும் 6,760க்கும் இடையில் திரியும். வரைபில் பார்த்தால் கிட்டத்தட்ட நேர்க்கோடு. 10,000 வட்டம் கீறினால் எங்கள் பெட்டிகள் உறைந்துபோய்விட்டன, ஆகவே அந்த எண்ணிக்கைக்கு வட்டங்களை விட்டுவிட்டு வரைபை மட்டும் காட்டச் செய்தேன். 100, 1,000, 10,000 என்று மாற்ற மாற்றக் கோடு அடங்கிக்கொண்டு போவதைப் பிள்ளைகள் தாங்களே பார்த்தார்கள். ஒரு மூலில் 6.022 × 10²³. அங்கே ஆட்டம் இருக்கிறது, அதைப் பிடிக்கும் பேனாதான் இல்லை. கரும்பலகையில் இருபது வருடமாக நான் கீறிய கிடைக்கோடு தூரத்தில் நின்று பார்த்த கடல் என்று அன்றைக்கு எனக்கே தோன்றியது. காங்கேசன்துறையில் கரையில் நின்று அடிவானத்தைப் பார்த்தால் அதுவும் கிடைக்கோடுதான்.

மூன்றாவது புதன், ஊக்கி.

இதை நான் அரைப் பாடவேளையில் முடிக்கலாம் என்று போனேன். ஊக்கி என்ற பொத்தானை அழுத்தினால் இரண்டு வாய்ப்பும் 20 மடங்காகும்: 0.4, 0.2. விகிதம் மாறாது, ஆகவே சமநிலை கெதியாக வரும், ஆனால் அதே இடத்தில் வரும். பரீட்சையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் விடயம். முதலில் எதிர்வுகூறலைக் கொப்பியில் எழுதச் சொன்னேன், எல்லோரும் "மாறாது" என்று எழுதினார்கள். பிறகு பொத்தானை அழுத்தி, பத்துச் செக்கனுக்கு ஒருமுறை நீலத்தை எண்ணி, 20 வாசிப்பு எடுத்துச் சராசரி காணச் சொன்னேன். ஊக்கி இல்லாமல் 20, ஊக்கியோடு 20. வாசிப்பு எடுக்கச் சொன்னதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. செய்முறை என்றால் அட்டவணை இருக்கவேண்டும் என்ற பழக்கதோசம்.

சராசரிகளைப் பலகையில் எழுதினோம். ஊக்கி இல்லாமல் 66, 67, 65, 66, 68, 66, 65, 67. ஊக்கியோடு 62, 61, 61, 63, 60, 62, 61, 62.

வகுப்பு அமைதியாகிவிட்டது. எட்டுக் குழுவும் இறங்கியிருக்கிறது. ஒரு குழு என்றால் தற்செயல் என்று தட்டிக் கழித்திருப்பேன்.

முன்வரிசைப் பெடியன் ஒருவன் தன் கொப்பியில் ஊக்கியோடு வந்த சராசரியை 66 என்று மெதுவாகத் திருத்திக்கொண்டிருந்தான். கண்டேன். "ஏன்ராப்பா அழிக்கிறாய்?" "புத்தகத்தில மாறாது எண்டு கிடக்கு சேர், நாங்கள் எங்கயோ பிழை விட்டிட்டம்." அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நியமிப்பில் மூன்று வாசிப்பையும் ஒரே மாதிரி வர எழுதும் கலையை அந்த வகுப்புக்குக் கற்பித்தவர்களில் நானும் ஒருவன்.

அழிறப்பரை வாங்கி வைத்துக்கொண்டு, "வாசிப்பு பிழை இல்லை. புத்தகமும் பிழை இல்லை. அப்ப மிச்சம் என்ன?" என்றேன். "நீங்கள் எழுதினதுதான் சேர்" என்று மூன்று நான்கு குரல்கள். சந்தோசம் அவர்களுக்கு.

அந்தப் பாடவேளை முடியும்வரை எனக்குப் பிழை பிடிபடவில்லை. வாய்ப்புகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், 0.4, 0.2, சரிதான். பகடையில் குறை இருக்குமோ என்று சந்தேகப்பட்டேன். ஐசிரி ரீச்சர் நிரலைப் பார்த்துவிட்டு "வடிவாத்தானே இருக்கு" என்றார். மணி அடித்துப் பிள்ளைகள் எழும்பும்போது பின்வாங்குப் பிள்ளை என் மேசைக்கு வந்தது.

"சேர், புளியங்கொட்டையில ரெண்டு கையும் ஒரே நேரத்தில தள்ளினனாங்கள். கொம்பியூட்டருக்கு எத்தினை கை?"

ஒரு கை. அதுதான் பிழை.

என் நிரல் ஒவ்வொரு அடியிலும் முதலில் சிவப்புகளை எல்லாம் பார்த்து விழுந்தவற்றை நீலமாக்கியது. அதன்பிறகு நீலங்களை எல்லாம் பார்த்து விழுந்தவற்றைச் சிவப்பாக்கியது. அந்த இரண்டாவது பார்வையில், சற்றுமுன் நீலமான வட்டங்களும் அகப்பட்டன. ஒரே அடிக்குள் போய்த் திரும்பிவிட்டன. வாய்ப்பு சிறிதாக இருக்கும்போது இது பெரிய விடயமில்லை. 0.02, 0.01 என்றால் 66.7க்குப் பதில் 66.4. நூறு துணிக்கையின் ஆட்டத்துக்குள் யாருக்கும் தெரியாது. 0.4, 0.2 என்று வரும்போது 61.5 ஆகிவிடுகிறது. என் ஊக்கி சமநிலையை நகர்த்தவில்லை. மெதுவான ஓட்டத்தில் ஒளிந்திருந்த பிழையை வேகம் வெளியே கொண்டுவந்தது.

மணி அடித்தும் ஆறேழு பேர் நின்றார்கள். அலுமாரியிலிருந்து கொட்டைப் போத்தலை எடுத்தோம். 16, 32 என்று வைத்து, இந்தமுறை ஒரு கையால் விளையாடினோம். முதலில் இடப்பக்கத்தில் பாதி: 8 போனது, 8ம் 40ம். பிறகு வலப்பக்கத்தில் கால்: 10 வந்தது, 18ம் 30ம். அடுத்த சுற்று 9 போனது, 9ம் 39ம். கால் 9, திரும்பவும் 18ம் 30ம். அங்கேயே நின்றுவிட்டது. கணினி இறங்கிய அதே பக்கம்.

திருத்தம் நான்கு வரி. அடி தொடங்கும்போது எது சிவப்பு எது நீலம் என்று ஒரு பிரதி எடுத்துவிட்டு, அந்தப் பிரதியைப் பார்த்து மட்டும் பகடை உருட்டவேண்டும். ரொறன்ரோக்காரனிடம் சொன்னபோது சிரித்தான். தன் வேலையிலும் இப்படியான பிழைக்கு இரவிரவாக முழித்திருக்கிறானாம். "ஆனா எங்களிட்டப் புளியங்கொட்டை இல்லை சேர்."

அடுத்த புதன் அதே 40 வாசிப்பைத் திரும்ப எடுக்க வைத்தேன். முணுமுணுத்தார்கள். இரண்டு பக்கமும் 66, 67 என்று வந்தது. சென்ற கிழமை அட்டவணையைக் கிழிக்கக்கூடாது, இரண்டும் கொப்பியில் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

லே சற்றலியர் தத்துவத்துக்கு இது இப்போது நல்ல கருவி. 33 சிவப்பு, 67 நீலம் என்று நிற்கும்போது 50 சிவப்பைக் கொட்டும் பொத்தான் ஒன்று வைத்தேன். "தொகுதி அந்த மாற்றத்தை எதிர்க்கும்" என்று பாடமாக்கியவர்கள் கூட்டிய 50ம் நீலமாகிவிடும், சிவப்பு திரும்பவும் 33க்கு வரும் என்று எழுதினார்கள். வந்தது ஏறத்தாழ 50 சிவப்பு, 100 நீலம். எதிர்க்கிறது, ஆனால் முழுதாக வெல்லவில்லை. சிவப்பு முன்பு இருந்ததைவிடக் கூடத்தான். இதைவிட நுணுக்கமான ஒன்றை ஒரு குழு கவனித்தது: புதிய சமநிலையில் போவதும் வருவதும் பழையதைவிட வேகம். முன்பு ஒரு அடிக்குச் சராசரி 0.67 வட்டம் அங்கும் இங்கும் மாறியது, இப்போது 1. அந்த இடம் வகுப்பில் இதுவரை நானே சொல்லிக்கொடுக்காத இடம்.

திரையோடு விட மனம் வரவில்லை. எங்கள் ஊர்க் கிணறு எல்லாம் சுண்ணக்கல்லுக்குள் தோண்டியது, தண்ணீர் வன்னீர். எந்த வீட்டுக் கேத்திலைத் திறந்தாலும் அடியில் வெள்ளைப் படிவு. காபனீரொட்சைட்டு கரைந்த நீர் கல்சியங்காபனேற்றைக் கரைத்துக் கல்சியம் ஐதரசன்காபனேற்றாக வைத்திருக்கிறது, இது மீளும் தாக்கம். கொதிக்கவைக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது, தொகுதி அந்தப் பக்கம் சாய்ந்து காபனேற்றைத் திரும்பப் படியவிடுகிறது. பிள்ளைகள் வீட்டிலிருந்து சுரண்டிக்கொண்டு வந்த படிவில் தேசிக்காய்ப் புளி விட்டோம், நுரைத்தது. ஒரு பிள்ளையின் அம்மம்மா கேத்திலைச் சுரண்டி ஓட்டை போடப்போகிறாய் என்று பேசினாவாம்.

இப்போது அந்த ஃபைல் பென்டிரைவில் கைமாறிக்கொண்டிருக்கிறது. நிரலைத் திறந்து பார்க்கலாம், கெடுத்தால் என்னிடம் நல்ல பிரதி இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். நிறத்தை மாற்றினார்கள், ஒருவன் வட்டத்துக்குப் பதில் கிரிக்கெட் பந்து வைத்தான். பின்வாங்குப் பிள்ளை மாற்றியது ஒரே ஒரு எண்ணை. 100 இருந்த இடத்தில் 3.

மூன்று வட்டம். சில வேளை மூன்றும் நீலம், சில வேளை இரண்டு, எப்போதாவது மூன்றும் சிவப்பு. வரைபு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குகிறது. "சேர், மூண்டு மூலக்கூறு மட்டும் இருந்தால் இது சமநிலையில இருக்கு எண்டு சொல்லலாமோ?"

மூன்றும் நீலமாக இருக்க 27இல் 8 வாய்ப்பு, மூன்றும் சிவப்பாக இருக்க 27இல் 1. அதைக் கொப்பியில் காட்டினேன். அது தன் கேள்விக்கு விடையில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும்தான். வாற புதன் எல்லோரும் மூன்று வட்டத்தோடு 200 வாசிப்பு எடுப்பதாக இருக்கிறோம்.